செங்கண்மா: தலைநகரும் அங்காடியும்

(கலசப்பாக்கத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வெப்பநாட்டுத் தலைநகரம் ஒன்றை, வணிகத்திலும் பெயர் பெற்ற நகரம் ஒன்றை எடுத்துக்கொண்டு பேச வேண்டும் என்று அமைப்பாளர்கள் கேட்டார்கள். சிங்கப்பூர், கொழும்பு என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றையும் தொடத்தான் போகிறேன். ஆனால் டவுன் பஸ்ஸில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் இரண்டு தலைநகரங்களை வைத்துக்கொண்டு கடல் தாண்டிப் போவானேன்? தென்மேற்கே செங்கம், வடக்கே படவேடு. நீங்கள் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

செங்கத்திலிருந்தே தொடங்குகிறேன். பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு மலைபடுகடாம். பரிசில் பெறப் போகும் கூத்தருக்கு வழி சொல்வதால் கூத்தராற்றுப்படை என்றும் அதற்குப் பெயர் உண்டு. 583 அடி. பாடியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாடப்பட்டவன் நன்னன் சேய் நன்னன். பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை, அதாவது இன்றைய செங்கத்தை, ஆண்டவன். உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டபோதுதான் இந்தத் தலைநகரம் ஏட்டிலிருந்து வெளியே வந்தது. மாங்காய் ஒன்றைத் தின்ற பெண்ணைக் கொன்றவன் என்று பழி சுமக்கும் நன்னன் வேறு. அவன் மேற்கே கொண்கானத்தான். நம் நன்னன் மீது அந்தப் பழியைப் போட வேண்டாம். இதைச் சொல்லாவிட்டால் கூட்டம் முடிந்ததும் யாராவது வந்து கேட்பார்கள்.

பாட்டில் வரும் நவிரமலைதான் நம் பர்வதமலை என்பது அறிஞர் பலரும் ஒப்புக்கொண்ட முடிவு. நஞ்சுண்ட கடவுள் அங்கே உறைவதாகப் பாட்டு சொல்கிறது. இன்றைக்கும் உச்சியில் இருப்பவர் சிவபெருமான்தான், மல்லிகார்ச்சுனர் என்ற பெயரில். பாட்டில் ஓடும் சேயாறு நீங்கள் தினமும் பாலத்தில் கடக்கிற செய்யாறு. ஆக, மலை இருக்கிறது, ஆறு இருக்கிறது, ஊர்ப்பெயர் இருக்கிறது. நன்னனின் அரண்மனை மட்டும் இல்லை. இதுதான் அவன் மாளிகை என்று காட்ட ஒரு சுவர் கிடையாது.

அந்தத் தலைநகரம் எப்படி இருந்தது என்று கேட்டுக்கொண்டு பாட்டுக்குள் போனால் முதலில் ஏமாற்றம்தான். மதுரைக்காஞ்சி 782 அடியில் மதுரையின் தெருவெல்லாம் சுற்றிக் காட்டும். பட்டினப்பாலை 301 அடியில் புகார் என்கிற காவிரிப்பூம்பட்டினத்தின் பண்டசாலை வரை அழைத்துப் போகும். மலைபடுகடாம் நகரத்துக்குக் கொடுப்பது ஒரு கைப்பிடி அடிகள். ஆறு கிடப்பது போல அகன்ற தெரு. கூட்டத்தால் நிரம்பி இடம் போதாத பெரிய அங்காடி. கடலென்றும் மழையென்றும் எழும் இரைச்சல். மலை போலவும் மேகம் போலவும் உயர்ந்த மாடங்கள். ஊரைவிட்டுப் பெயர்வது என்றால் என்னவென்றே அறியாத பழங்குடிகள். அவ்வளவுதான். அடுத்த மூச்சில் கூத்தர் அரண்மனை வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். பரிசில் வாங்கப் போகிறவருக்கு அங்காடியில் என்ன வேலை?

மிச்சமெல்லாம் வழி. பாட்டின் பெரும்பகுதி வழிதான். நகரத்துக்குப் போகும் வழியை இப்படி அங்குலம் அங்குலமாகச் சொன்ன பாட்டு பத்துப்பாட்டில் வேறொன்று இல்லை என்பது என் கருத்து. இரவில் போகாதே, பன்றிக்கு வைத்த கல்லடார் என்னும் பொறி இருக்கும் என்கிறது. தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள், மரத்தின் மறைவில் ஒதுங்கிப் போ என்கிறது. பாசி படிந்த வழுக்குப் பாறையில் எப்படி இறங்குவது என்று சொல்கிறது. பர்வதமலையில் கடப்பாறைப் படி ஏறியவர்கள் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள். அந்த அடிகளைப் படித்தால் உங்கள் கை தானாகச் சங்கிலியைத் தேடும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. வழி இரண்டாகப் பிரியும் இடத்தில், சரியான வழி இது என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும்படி புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள் என்கிறார் புலவர். அதை ஒட்டியே, போகிற நாட்டின் பெயரை வழிப்போக்கர் அறிவதற்காக எழுதி வைத்திருக்கும் கவர்த்த வழிகளும், பெயர் பொறித்த நடுகற்களும் வருகின்றன. அதாவது பெயர்ப்பலகை. ஆட்கள் வந்து போகாத காட்டில் யாரும் ஊர்ப்பெயர் எழுதி வைக்கமாட்டார்கள். புதியவர்கள் தொடர்ந்து வந்தார்கள், வழி தெரியாமல் நின்றார்கள், அவர்களுக்காக எழுதினார்கள். செங்கண்மா ஒரு வணிக நகரம் என்பதற்கு அங்காடியைப் பற்றிய அடிகளைவிட இது பெரிய சான்று.

இனி அரண்மனை வாசல். மலைநாட்டார் கையுறையாகக் கொண்டுவந்த பொருள்கள் அங்கே குவிந்து கிடக்கின்றன. ஆமான் கன்று, யானைக் கன்று, கரடிக்குட்டி, வருடை, உடும்பு, மயில், காட்டுக்கோழி, பலாப்பழம், கிழங்கு, யானைக்கோடு, சந்தனம், பச்சை மிளகுக் கொத்து, தேனில் விளைந்த கள், மூங்கில் குழாயில் தோய்த்த எருமைத் தயிர். படிக்கும்போது மூக்குக்கு ஒன்று, காதுக்கு ஒன்று, நாக்குக்கு ஒன்று என்று வந்துகொண்டே இருக்கும். இந்தக் குவியலுக்குப் புலவர் சொல்லும் உவமையைக் கவனியுங்கள். குடகுமலையில் பிறந்த காவிரி கடலோடு கலக்கும் முகத்துவாரம் போல இருந்தது என்கிறார். கடற்கரையே இல்லாத ஊர் இது. தெருவின் இரைச்சலுக்கும் கடல், வாசலின் குவியலுக்கும் காவிரிமுகம். நிறைவு என்று நினைத்த மாத்திரத்தில் அந்தக் காலத்துப் புலவர் மனத்தில் துறைமுகம்தான் வந்து நிற்கிறது. மலையடிவாரத்து ஊர் ஒன்றைப் புகழ்வதற்குக் கூட அதைப் புகாராக்க வேண்டியிருந்தது.

இது வெறும் உவமையா, அதற்குப் பின்னால் பாதை ஏதும் இருந்ததா? இங்கே என் ஊகம் ஒன்றை வைக்கிறேன். ஊகம் என்று சொல்லித்தான் வைக்கிறேன்.

வரைபடத்தை எடுத்துச் செங்கத்தின் மீது விரலை வையுங்கள். வடக்கே சவ்வாது மலை, தெற்கே கல்வராயன், தென்மலைத் தொடர். இரண்டுக்கும் இடையே ஒரு வாசல், செங்கம் கணவாய். மேற்கே போனால் சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, அதற்கப்பால் மைசூர் மேட்டுநிலம். கிழக்கே வந்தால் திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம், பிறகு கடற்கரை. திண்டிவனத்தை ஒட்டியிருக்கும் கிடங்கில், சிறுபாணாற்றுப்படையின் நாயகன் நல்லியக்கோடனுடைய ஊர்களில் ஒன்று. அவனுடைய இன்னொரு ஊர் எயிற்பட்டினம். அது மரக்காணம் என்பார்கள். மரக்காணத்தில் இன்றைக்கும் உப்பளம் இருக்கிறது. கொஞ்சம் தெற்கே அரிக்கமேடு, 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து ரோம நாட்டுக் கலங்களின் ஓடுகளை எடுத்துக் காட்டிய இடம். இரண்டு ஆற்றுப்படைகளின் இரண்டு வள்ளல்கள் ஒரே பாதையின் இரண்டு முனையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மலையில் எல்லாம் கிடைக்கும், உப்பு கிடைக்காது. கரையில் உப்பு கிடைக்கும், சந்தனமும் யானைக்கோடும் கிடைக்காது. இந்த இரண்டும் கைமாறும் இடம் எங்கோ நடுவில், கணவாயின் வாயில் இருந்தாக வேண்டும். நன்னனின் அங்காடியில் இடம் போதாமல் போனதற்கு இதைவிட வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

வணிகர் வரும் வழியில் படையும் வரும். செங்கம் வட்டாரத்து நடுகற்களை 1972இல் தமிழ்நாடு தொல்லியல் துறை, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு நூலாக வெளியிட்டது. பெரும்பாலும் பல்லவர் காலத்து வட்டெழுத்துக் கற்கள். பலவற்றில் திரும்பத் திரும்ப வரும் செய்தி தொறு: மாட்டு மந்தையைக் கவர்ந்தவர்கள், மீட்கப் போய்ச் செத்தவர்கள். எடுத்தனூர்க் கல் எல்லோருக்கும் தெரிந்தது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரன் தொறு மீட்கையில் பட்டான். அவனுடைய நாய் கோவிவன் கள்ளர் இருவரைக் கடித்துவிட்டுக் காத்து நின்றது. அதையும் பெயரோடு கல்லில் எழுதி, உருவத்தையும் செதுக்கிவிட்டார்கள். நன்னனின் நகரத்தில் கடை வைத்திருந்த ஒரே ஒருவரின் பெயர் கூட நமக்குத் தெரியாது. ஒரு நாயின் பெயர் தெரிகிறது. வரலாறு யாரைப் பொறுக்கி எடுத்து வைக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஆயிரம் ஆண்டு தாண்டியும் அதே கணவாய்தான். 1767 செப்டம்பர் 3ஆம் தேதி ஹைதர் அலியின் படையும் கர்னல் ஸ்மித்தின் கும்பினிப் படையும் மோதிய இடம் செங்கம். 1780இல் ஹைதர் மறுபடி ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கியதும் இந்த வாசல் வழியாகத்தான். அரசர்கள் பெயர் மாறின, பாதை மாறவில்லை. இன்று அதன்மேல் தேசிய நெடுஞ்சாலை போகிறது. கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து தக்காளியும் மாம்பழமும் ஏற்றிவரும் லாரிக்காரர் செங்கத்தில் டீக்கடை பார்த்து நிறுத்துகிறார். அவருக்கு நன்னனைத் தெரியாது. தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை.

இப்போது வடக்கே திரும்புங்கள். படவேடு, சம்புவராயர்களின் தலைநகரம். இராசகம்பீர ராச்சியம் என்று பெயர் வைத்து ஆண்டார்கள். 14ஆம் நூற்றாண்டின் நடுவில் விசயநகர இளவரசன் குமார கம்பணன் வந்து சம்புவராயரை வென்றான். அந்தப் படையெடுப்பைப் பாடியது அவன் மனைவி கங்காதேவி, வடமொழியில், மதுரா விஜயம் என்ற காவியமாக. தலைநகரம் போன பிறகும் படைவீட்டு ராச்சியம் என்ற பெயரில் விசயநகரத்தின் மாகாணமாகச் சில காலம் இருந்தது. 1425ஐ ஒட்டிய விரிஞ்சிபுரம் கல்வெட்டு ஒன்று இந்த ராச்சியத்து அந்தணர்களின் ஒப்பந்தம். கன்னட, தமிழ, தெலுங்க, லாட வகுப்பார் ஒன்றுகூடி, திருமணத்தில் பெண்ணுக்குப் பொன் வாங்குவதும் கொடுப்பதும் கூடாது, கன்னிகாதானமாகவே செய்ய வேண்டும் என்று கையெழுத்திட்டிருக்கிறார்கள். நான்கு மொழிக்காரர்கள் கூடி ஒப்பந்தம் போடும் அளவுக்கு அந்த ராச்சியம் பலரையும் இழுத்திருந்தது என்று தெரிகிறது.

இன்று போய்ப் பாருங்கள். வாழைத்தோப்பு. ரேணுகாம்பாள் கோயிலில் ஆடி மாதம் முழுக்கக் கூட்டம். ஆஞ்சனேயர் ஏடு படிக்க இராமர் யோகத்தில் அமர்ந்திருக்கும் அபூர்வமான கோயில் ஒன்று. மலைமேல் கோட்டையின் மிச்சம். அழகான ஊர். ஆனால் ஊர்தான், நகரம் இல்லை.

செங்கத்தில் நன்னன் போய் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு ஆகியும் கடைத்தெரு இருக்கிறது. படவேட்டில் சம்புவராயர் போய் 650 ஆண்டுதான் ஆகிறது, கடைத்தெரு இல்லை. ஏன் இந்த வேறுபாடு? என் கணிப்பு இது. படவேடு மூன்று பக்கமும் மலை அணைத்த பள்ளத்தில் இருக்கிறது. பகைவன் வர முடியாத இடம். பகைவன் வர முடியாத இடத்துக்கு வணிகனும் சிரமப்பட்டுத்தான் வருவான். அரசன் இருந்தவரை அவனுக்காக வந்தார்கள். அரசன் இல்லாதபோது போளூரோடும் ஆரணியோடும் நின்றுகொண்டார்கள். செங்கம் எல்லோரும் கடந்து போகும் வாசலில் இருக்கிறது. அரசன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

இது நம் மாவட்டத்துக்கு மட்டும் நேர்ந்த கதையாகத் தெரியவில்லை. இலங்கையின் நாடாளுமன்றம் 1982இல் ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டைக்குப் போனது. கோட்டை ஒரு காலத்தில், ஆறாம் பராக்கிரமபாகு ஆண்ட 15ஆம் நூற்றாண்டில், உண்மையாகவே தலைநகரமாக இருந்த ஊர்தான். தலைநகரம் என்ற பட்டம் திரும்பி வந்தது, வணிகம் வரவில்லை. கொழும்புப் புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் நம்மவர்கள் நடத்தும் கடைகள் ஒன்று கூட அந்தப் பட்டத்தின் பின்னால் போகவில்லை. போகவும் மாட்டார்கள், துறைமுகம் இருப்பது கொழும்பில். அந்தத் துறைமுகத்துக்கும் ஒரு கதை உண்டு. 1875இல் அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கும்வரை பெரிய கப்பல்கள் காலியில்தான் நின்றன. சுவர் எழுந்ததும் கப்பல்கள் கொழும்புக்கு வந்தன, காலி ஓய்ந்தது. நைஜீரியா 1991இல் தலைநகரத்தை லாகோசிலிருந்து அபுஜாவுக்கு மாற்றியது. பர்மா 2005இல் ரங்கூனிலிருந்து நேப்பிடோவுக்கு மாற்றியது. அலுவலகங்கள் போயின, சந்தைகள் லாகோசிலும் ரங்கூனிலும் அப்படியே இருக்கின்றன. ஒரு காலத்தில் செட்டிநாட்டார் பெட்டியடி வைத்திருந்ததும் அந்த ரங்கூனில்தான். சிங்கப்பூர் மட்டும் விதிவிலக்கு. தலைநகரமும் துறைமுகமும் நாடும் எல்லாம் ஒன்றே என்பதால் எதையும் எங்கும் மாற்ற முடியாது.

சந்தை சாகாது என்று நான் சொல்லவில்லை. புகார் செத்தது. துறை போனதும் வணிகம் தெற்கே நாகப்பட்டினம் போய்விட்டது. பாதை உள்ளவரைதான் சந்தை.

இந்தச் சொற்பொழிவை இங்கேயே நிறுத்திக்கொண்டால் பழம்பெருமை பேசியவனாகிவிடுவேன். நன்னனின் வாசலில் குவிந்த பொருளைக் கொண்டுவந்தவர்கள் இன்று எங்கே? மேலே, சவ்வாது மலையில் இருக்கிறார்கள். புளி, தேன், சாமை, கடுக்காய், பலா, சீதாப்பழம் என்று இன்றைக்கும் கீழே கொண்டுவருகிறார்கள். யானைக் கன்றும் கரடிக்குட்டியும் மட்டும் பட்டியலிலிருந்து போய்விட்டன. சந்தனத்தைத் தொட்டால் வழக்கு.

மாசி பங்குனியில் புளி இறங்கும்போது மண்டியில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். கோணியை அவிழ்த்ததும் மண்டிக்காரர் மேலே இருப்பதைப் பார்ப்பதில்லை. முழங்கை வரை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார். உள்ளங்கையில் வைத்து அழுத்துவார். ஈரம் எவ்வளவு, நார் எவ்வளவு, ஓடு எவ்வளவு, கொட்டை எடுத்ததா எடுக்காததா என்று கை பார்த்துவிடும். சிவப்பு மாறிக் கறுத்திருந்தால் போன வருடத்துச் சரக்கு என்பார். பிறகு விலை சொல்வார். கொண்டுவந்தவர் ஒன்றும் பேசமாட்டார். ஜமுனாமரத்தூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பார். மலைக்குப் போகும் பஸ்ஸை விட்டால் அன்றிரவு எங்கே படுப்பது? மூட்டையைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போக யாரால் முடியும்? பேரம் அங்கேயே முடிந்துவிடுகிறது. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் மலைவாழ் மக்களுக்கான பெரும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. லேம்ப்ஸ் சொசைட்டி என்றால் மலையில் எல்லோருக்கும் தெரியும். சவ்வாது மலைத் தேன் அந்தப் பெயரிலேயே புட்டியில் விற்பது அவற்றால் வந்த நல்ல காரியம். சாமைக்கு நகரத்தில் மவுசு கூடியிருக்கிறது. ஆனால் சென்னையில் ஒரு கிலோ சாமை என்ன விலைக்குப் போகிறது, மலையில் உரலில் குத்திப் புடைத்தவருக்கு என்ன கிடைக்கிறது என்ற கணக்கை இந்தக் கூட்டத்தில் இருக்கும் வணிகர்கள் என்னைவிட நன்றாகவே அறிவீர்கள்.

மலைபடுகடாத்தில் விலை எங்குமே இல்லை. மலைக்குறவர் கூத்தருக்குத் தினைச்சோறும் இறைச்சியும் கொடுக்கிறார்கள், முல்லைநிலத்தார் மூங்கிலரிசியும் அவரையும் சேர்ந்த புளிங்கூழ் கொடுக்கிறார்கள், வயல்நாட்டில் மீனும் கள்ளும் கிடைக்கின்றன. காசு கைமாறும் காட்சி ஒன்று கூடக் கிடையாது. அங்காடியில் நிச்சயம் பேரம் நடந்திருக்கும். புலவர் நின்று கேட்கவில்லை. தலைநகரத்தைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் அரசன் வாசலில் நின்று பார்த்தவர் சொன்னது. சந்தையில் நின்று பார்த்தவர் எழுதவில்லை.

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள். கலசப்பாக்கம், போளூர், செங்கம் வட்டாரத்தில் மண்டி வைத்திருந்த, வண்டி ஓட்டிய, மலைச் சரக்கு வாங்கி விற்ற குடும்பங்களில் பழைய கணக்கு நோட்டும் ரசீதும் பரணில் கிடக்கும். ஆயுத பூசைக்குப் பரண் துடைக்கும்போது எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஊர் நூலகத்திலோ கல்லூரித் தமிழ்த் துறையிலோ கொடுங்கள். முடியாவிட்டால் மாணவர்களைக் கூப்பிட்டுப் படமாவது எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டாவது, ஏரிக்கரையிலோ வரப்பிலோ எழுத்தோ உருவமோ உள்ள கல் கண்ணில் பட்டால் அதைத் துவைகல்லாக்க வேண்டாம், சுண்ணாம்பு பூச வேண்டாம், இருந்த இடத்திலிருந்து பெயர்க்கவும் வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரிடமும் தொல்லியல் துறையிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மாணவர்கள் இந்த வேலையை அடுத்த கோடை விடுமுறையிலேயே தொடங்கலாம்.